தாளிக்காத குழம்பு

சுங்குவார்சத்திரம் ரேஷன் கடைக்கு அன்று பாமாயில் வந்திருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். பெரியவள் இளையவளிடம் கேட்டாள்:

"கொழுந்தனாரு செத்து பத்து நாள்கூட ஆவல. சாவு வூட்ல தாளிக்கிறியாமே?"

தாளிப்பு என்றால் எனக்குத் தும்மல்தான். மனைவி மிளகாயைக் கிள்ளும்போதே தெருவுக்கு ஓடிவிடும் வீரன் நான். அன்று நகராமல் நின்றேன்.

"ஆமாக்கா. தெனமும்."

"தாளிக்கிறதுன்னா இன்னாடி அர்த்தம்? இந்த வூட்ல எல்லாரும் சொகமா கீறாங்கன்னு தெருவுக்கே சொல்றது. கருமாதி வரிக்கும் சட்டில கடுகு வெடிக்கக் கூடாது."

"பம்பாய்லயே எரிச்சிட்டாங்கக்கா. மாமியாருக்கு இன்னும் சொல்லல. படுத்த படுக்கையா கீது, கேட்டா தாங்காது. தாளிக்காத கொழம்ப ஊத்தினா அதுக்குப் புரிஞ்சிடும்."

"எத்தினி நாளுக்கு மறைப்ப?"

"நேத்து அதுவே கூப்ட்டு, 'நாளையிலேர்ந்து தாளிக்காதடி'ன்னுச்சு. யாரோ சொல்லிட்டாங்கன்னு நெனச்சி, காலைல தாளிக்காம ஊத்தினேன்."

"அப்புறம்?"

"கொழம்பையே பாத்துகினு இருந்துச்சு. 'அப்போ நெசந்தானாடி?'ன்னு கேட்டுச்சு."

வரிசை நகர்ந்தது. பெரியவள், "அதான் தெரிஞ்சி போச்சே, எண்ணெய் எதுக்குடி?" என்றாள்.

"மத்தியானத்துக்குத் தாளிக்கணும்க்கா. காலைல ஊத்தினத அது இன்னும் வாய்ல வெக்கல."