தொட்டிக்கு ஒரு மூடி

குழாய் சொட்டினால் உடனே வாஷரை மாற்றச் சொல்வார்கள். எப்போதும் வாஷர்தான் காரணம் என்று இல்லை. அது உட்காருகிற இடம் தேய்ந்திருந்தாலும் சொட்டும். இது தெரியாமல் எங்கள் சமையலறைக் குழாய்க்கு ஏழு வாஷர் போட்டேன். சொந்த வீடு என்றால் அப்படித்தான், சாகும்வரை கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்.

நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள், ஐயா. எனக்கும் அவசரம் இல்லை. அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். உரிமம் வழங்கும் பிரிவில் இருபத்தாறு வருடம் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அவ்வளவுதான்.

எனக்கு இரண்டு பொழுதுபோக்கு. ஒன்று, பழைய ரேடியோக்களைச் சரிசெய்வது. பதினொன்று இருக்கின்றன, இரண்டு பாடும். இன்னொன்று, தனிமனித சுதந்திரத்தைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவது. ஒருவன் தன் எல்லைக்குள் என்ன செய்கிறான் என்பதில் இன்னொருவன் மூக்கை நுழைக்கக் கூடாது. எந்தக் கடிதத்தையும் இதற்குமேல் நான் நீட்டியதில்லை. நான்கு கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன.

அந்த நான்கையும் வெட்டி வைத்திருந்தவர் தபால் அண்ணன். பக்கத்து வீட்டுக்காரர். முப்பது வருடம் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும், என் மனைவியும் அப்படித்தான். "நல்லா எழுதுறீங்க சார்" என்பார். ஆனால் தபால்காரருக்கு அடுத்தவர் கேட் என்று ஒன்று கிடையாது. தள்ளிக்கொண்டு நுழைவது கைப்பழக்கமாகிவிட்டது. அவர் மகள் பின்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். சுற்றிப் போனால் கால் மணி நேரம், என் கொல்லை வழியாகப் போனால் இரண்டு நிமிடம். தினமும் நாலு மணிக்கு, மகளுக்குக் காபி பிளாஸ்க்கோடு, செருப்பைத் தேய்த்துக்கொண்டே என் கொல்லையைக் கடப்பார்.

நடந்து போனதோடு நிறுத்தியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். நின்று பார்ப்பார். "சார், அந்த ஆணி அங்க நிக்காதுங்க. காரை பெயர்ந்திடும்" என்பார். பெயர்ந்துவிடும். "பெயின்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தேய்ச்சுடுங்க சார்" என்பார். நான் தேய்க்க மாட்டேன். ஒரு மாதத்தில் உரிந்து தொங்கும். அப்போதும் அவர் சொல்லிக்காட்ட மாட்டார். தொங்குவதைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். அவர் சொன்னது ஒரு தடவையாவது தப்பாகியிருந்தால் நாங்கள் நல்ல நண்பர்களாக இருந்திருப்போம்.

ஏழு வாஷர் போட்ட குழாயைக் கடைசியில் அவர்தான் சரிசெய்தார். நான் அலுவலகம் போயிருந்தபோது என் மனைவி கூப்பிட்டிருக்கிறாள். மாலை நான் வந்தபோது சமையலறை அமைதியாக இருந்தது. இரண்டு வருடமாகச் சொட்டுச் சத்தத்தில் தூங்கிப் பழகியவனுக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "பத்து நிமிஷம்கூட ஆகலைங்க" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் மாட்டிய அலமாரி சாய்ந்தபோது, சுவர்தான் கோணல் என்று விளக்கினேன். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்று அரிசி களைந்துகொண்டே முணுமுணுத்தாள். அதையும் நான் பொருட்படுத்தவில்லை. பேச்சுச் சுதந்திரம் என் வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

போன மாதம் பின்கேட்டில் ஒரு பலகை மாட்டினேன். "தனியார் இடம். அனுமதியின்றி நுழையக் கூடாது." மறுநாள் நாலு மணிக்கு வந்து, கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "சார், போர்டு ஒரு பக்கம் சாஞ்சிருந்துச்சு. நிமித்தி, ஸ்க்ரூ போட்டுட்டேன். இனி காத்தடிச்சாலும் அசையாது." அந்த எழுத்து தனக்கும்தான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நன்றி என்றேன்.

தொட்டிக்கு வருகிறேன். கொல்லையில் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. எட்டடி ஆழம். இரும்பு மூடி, கீல் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. புதன்கிழமை அவர் அதைக் காலால் அழுத்திப் பார்த்தார். "மூடி லூசா இருக்கு சார். யாராவது உள்ள விழுந்து வைக்கப் போறாங்க. நாளைக்கு வர்றப்போ நானே பாத்துத் தர்றேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி, "சரிண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள்.

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். மனைவி காலையிலேயே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். மூடியைக் கழற்றி நிழலில் வைத்து, துருவைச் சுரண்டி, இரண்டு தடவை பெயின்ட் அடித்தேன். அடிப்பதற்கு முன் தேய்த்தேன். துருப்பிடித்த கீலை எடுத்துவிட்டு, சுற்றிலும் போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பட்டை வெட்டி ஒட்டினேன். இவ்வளவு பொறுமையாக நான் எந்த வேலையையும் செய்ததில்லை. தொட்டிக்குள் தூசி விழக் கூடாது என்று வாய்மேல் சாக்கை விரித்தேன். சாக்கு காற்றில் பறக்காமல் இருக்க விளிம்பில் கொஞ்சம் மண் போட்டேன். கொல்லையில் எல்லா இடத்திலும் சருகு கிடந்தது, அதன் மேலும் கொஞ்சம் கிடந்தது.

அவர் நாலு மணிக்கு வருவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. பிளாஸ்க் மட்டும் வெளியே உருண்டது. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அவருக்கு மார்பளவு. கால் பிசகியிருந்தது, மற்றபடி நன்றாக இருந்தார். முதலில் சிரித்தார். "நான் சொன்னேன்ல சார், யாராவது விழுவாங்கன்னு" என்றார்.

என்னைப் பற்றிப் பேப்பரில் எழுதப்போகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். நான் ஏணியைக் கொண்டுவந்தேன். கூப்பிட்டவுடன் கொண்டுவந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் ஒன்றும் இல்லை. இறக்கப் போனேன்.

"அப்படியே இறக்காதீங்க சார். கீழ பாசி, வழுக்கும். மேல்படியில கயிறு போட்டு மோட்டார் பைப்புல கட்டிக்குங்க" என்றார்.

கயிற்றை எடுத்துவந்தேன். மண்டியிட்டுக் கட்டினேன். அவர் கழுத்தை நிமிர்த்தி என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சு அப்படி இல்ல சார்" என்றார்.

கயிற்றை அவிழ்த்தேன். ஏணியைக் கொண்டுபோய் எப்போதும் சாத்தும் சுவரில் சாத்தினேன்.

"சார்?" என்றார் உள்ளேயிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "சார், நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிட்டனா?" என்றார்.

இல்லை என்றேன். முடிச்சு தப்புதான். நான் பொய் சொல்வதில்லை.

பெயின்ட் காய்ந்திருந்தது. மூடியைத் தூக்கி வைத்தேன். எட்டு போல்ட். ஒரே பக்கமாக இறுக்கினால் ரப்பர் பிதுங்கும் என்று அவரே எப்போதோ சொல்லியிருந்தார், அதனால் எதிரெதிராக இறுக்கினேன். கடைசி போல்ட்டுக்குப் பிறகு உள்ளேயிருந்து வந்த சத்தம் தூரத்து வீட்டில் யாரோ பேசுவது போல ஆகிவிட்டது. வார்த்தை புரியவில்லை. நான் உள்ளே போய் ரேடியோ வைத்தேன்.

ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் விடுவார்கள், தொட்டி தானாக நிரம்பும். தண்ணீரைத் திறந்தது நான் இல்லை, அது நகராட்சி. அடைக்கிற வால்வு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது, உண்மை. இன்னொருவருக்கு உதவி செய் என்று எந்த மனிதனையும் கட்டாயப்படுத்த முடியாது. என் இரண்டாவது கடிதமே அதைப் பற்றியதுதான். அதையும் அவர் வெட்டி வைத்திருந்தார்.

ஆறு மணிக்கு வந்த மனைவி, "பரவாயில்லையே, ரேடியோ பாடுதே" என்றாள். மோட்டாரைப் போடாதே, பழுது என்றேன். மூன்று நாள் தெருமுனைக் குழாயிலிருந்து நானே குடம் குடமாகத் தண்ணீர் தூக்கினேன். அந்தத் தொட்டித் தண்ணீரில் ஒரு வாய்கூட அவள் குடிக்கவில்லை. அவள் உடம்பைப் பற்றி எனக்கு அக்கறை உண்டு.

தபால் அண்ணன் மகள் அன்றைக்கே வந்தாள். "அங்கிள், அப்பா இந்தப் பக்கம் வந்தாங்களா?" என்றாள். வந்தார் என்றேன். "போனதப் பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். இரண்டும் உண்மை. பிளாஸ்க்கைக் கழுவி வைத்திருந்தேன், கொடுத்தேன். வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு கொல்லையில் நின்றாள், தொட்டிக்கு நாலடி தள்ளி. மறுநாள் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மூடியைக் காலால் தட்டிப் பார்த்து, "இது சீல் பண்ணியிருக்கு" என்று போய்விட்டார். அவரைக் குறை சொல்லாதீர்கள். மூடி அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி என்னைக் கேட்காமல் பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டாள். தபால் அண்ணன் மகளும் அழுது களைத்து எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். பிளம்பர் மோட்டாரில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போனார். ஸ்பானரை வைத்துத் திருகிப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து விளிம்பை விரலால் தடவினார்.

"யாருங்க இந்த வேலையப் பண்ணது? காத்துகூட நுழையாது போலிருக்கே. இவ்வளவு சுத்தமா இப்பல்லாம் யாரும் பண்றதில்லைங்க" என்றார்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தபால் அண்ணன் பண்ணிட்டுப் போயிருப்பாரு. அவர்தான் வியாழக்கிழமை வந்து பாத்துத் தர்றேன்னாரு. வேற யாருக்கு இங்க இப்படிக் கைவேலை வரும்?" என்றாள்.

மகள் அந்த மூடியைப் பார்த்து மறுபடி அழத் தொடங்கினாள்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவர்கள் அதை அன்றைக்குத் திறக்காமலேகூட விட்டிருக்கலாம். பிளம்பர் ஏற்கனவே ஸ்பானரைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் இன்னொருவர் செய்யாத வேலைக்கு அவருக்குப் பெயர் கொடுப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான்தான் மாட்டினேன் என்றேன். வியாழக்கிழமை, நாலரை மணிக்கு. அவர் உள்ளே இருந்தார் என்றேன்.

எழுதியதை வாசித்துக் காட்டிவிட்டீர்கள், கையெழுத்துப் போடுகிறேன், ஐயா. ஒரு திருத்தம் மட்டும். 'மூடியைப் பொருத்தினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் 'யாருடைய உதவியும் இல்லாமல்' என்று சேர்த்துவிடுங்கள்.