ஈயம் இல்லாத ஈயம்

ஈயமே கலக்காததையும் எங்கள் தொழிலில் ஈயம் என்றுதான் சொல்கிறோம். வாய்ப்பழக்கம். சர்க்யூட் போர்டில் பாகங்களைப் பற்றவைக்கிற உலோகத்தில் முன்பு நிஜமான ஈயம் இருந்தது. உடம்புக்குக் கெடுதல் என்று எடுத்துவிட்டார்கள். பழையது நூற்று எண்பத்து மூன்று டிகிரியில் உருகிவிடும். இப்போது வருவதற்கு இருநூற்றுப் பதினேழு வேண்டும். கேட்பதற்குச் சின்ன வித்தியாசம்தான்.

டீ வேண்டாம் மேடம். வாக்குமூலத்தை நீங்கள் மலையாளத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் வாசித்துக் காட்டினால் எனக்குப் புரியும்.

பெயர் வன்னியபெருமாள். வயது நாற்பத்தொன்பது. வள்ளியூர்ப் பக்கம். இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, மாடியில் என் மேசை இருக்கிறது. பழுதான போர்டிலிருந்து ஒரு பாகத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதுதான் வேலை. வைப்பது எளிது. எடுப்பதுதான் கடினம். போர்டுக்குள் அடுக்கடுக்காகச் செம்புத் தகடு இருக்கிறது. நாம் கொடுக்கிற சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். ஈயம் உருகவில்லையே என்று பொறுமையிழந்து இழுத்தால், பாகத்தோடு சேர்ந்து அடியில் இருக்கிற செம்புத் தடமும் பெயர்ந்து வந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் போர்டு குப்பைதான்.

எட்டு வருடத்துக்கு முன்பு நான் ஒரு கம்பெனியில் இந்த வேலைதான் பார்த்தேன். கம்பெனி இப்போது இல்லை. அனந்த் சார் எனக்கு மேலாளர். கிழக்கேகோட்டைக்காரர். நன்றாகப் படித்தவர். வெளிநாட்டுக்குப் போகவேண்டிய முப்பது போர்டில் ஒரு பாகம் தவறாக ஏறிவிட்டது. போர்டை அடியிலிருந்து மெதுவாகச் சூடாக்கி எடுக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றேன். அவருக்கு அன்று சாயங்காலமே வேண்டும். நான் சாப்பிடப் போன நேரத்தில் அவரே உட்கார்ந்து, சூட்டை ஒரேயடியாக ஏற்றி இழுத்திருக்கிறார். திரும்பி வந்து பார்த்தபோது பதினொரு போர்டில் தடம் பெயர்ந்து கிடந்தது.

மறுநாள் விசாரணை நடந்தது. அவர் குரலை உயர்த்தவில்லை. "வன்னியபெருமாளுக்குக் கை நடுங்கறது சார். பக்கத்துல போனாலே ஸ்பிரிட் வாசனை" என்றார்.

வாசனை உண்மைதான். போர்டைத் துடைக்க நாள் முழுக்க ஸ்பிரிட்தான் பயன்படுத்துகிறோம். சட்டையில், விரலில், தலைமுடியில்கூட அது ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நான் குடிக்கிறவன் இல்லை. கல்யாண வீட்டில்கூடத் தொட்டதில்லை.

வேலை போனது. குடிகாரன் என்ற பேச்சு ஊர் முழுக்கப் போனதால் வேறு யாரும் சேர்க்கவில்லை. அதுவரை அந்த வாசனையைத் தொழில் வாசனை என்று நம்பியிருந்த என் மனைவி மாடம்மாளுக்கும் சந்தேகம் வந்தது. மகள் ஆர்ஷாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் வீட்டுக்குள் நுழைந்தால் வாசலிலேயே மறித்து, "அப்பா, ஊதுங்க" என்பாள். நான் ஊதுவேன். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள். ஏழு மாதம் ஊதினேன் மேடம். பிறகு மாடம்மாள் அவளைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவிலில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் திரும்பவில்லை.

இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த வருடம் மார்ச் மாதம் அனந்த் சார் என் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு போர்டு. அவருடைய அம்மா சிவகாமியம்மாளுக்கு நுரையீரல் கெட்டுப்போய், வீட்டிலேயே ஆக்ஸிஜன் மெஷின் வைத்திருந்தார்கள். அதில் பழுது. புதுப் போர்டு வர மூன்று வாரம் ஆகும் என்றிருக்கிறார்கள். அதுவரை சிலிண்டர்தான்.

"இந்த ஊர்ல இதைச் செய்ய உங்களை விட்டா ஆள் இல்லைன்னு எல்லாரும் சொல்றா" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்கோ, என்ன?" என்றார்.

வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

பழுதை ஒரு மணி நேரத்தில் சரிசெய்தேன். பிறகு இன்னொரு வேலையும் செய்தேன். அந்த மெஷினில் கரண்ட் போனால் 'பீப்' என்று விடாமல் கத்தும். கரண்ட் இல்லாதபோது கத்துவதற்கான சக்தியை ஒரு சிறிய மின்தேக்கி சேமித்து வைத்திருக்கும். அதற்கு இரண்டு கால்கள்தான். அதை எடுத்தேன். மெஷினைப் போடும்போது வழக்கம்போல ஒரு சத்தம் கேட்கும். கரண்ட் போனால் மட்டும் வாய் திறக்காது.

எடுப்பதில் ஒரு குறுக்குவழி உண்டு. பழைய ஈயத்தைக் கொஞ்சம் கலந்தால் சீக்கிரம் உருகிவிடும். ஆனால் பளபளப்பு மாறிவிடும், தெரிந்தவன் கண்டுபிடிப்பான். நான் கலக்கவில்லை. போர்டை அடியிலிருந்து இருபது நிமிடம் சூடாக்கினேன். இரண்டு காலும் ஒன்றாக இளகியபோது தூக்கினேன். தானாக வந்தது. துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு தடம்கூட அசையவில்லை.

மெஷினில் பொருத்திக் கொடுக்க நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிவகாமியம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். மருமகள் ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டு எனக்குக் காபி கொடுக்கச் சொன்னார்.

"குழந்தை குட்டி உண்டோ?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு அம்மா. ஆர்ஷா."

"ஆர்ஷாவா? நன்னாருக்கட்டும்" என்றார். அவ்வளவு சொல்வதற்கே அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

ஜெயலக்ஷ்மி ஆசிரியை. பகலில் வீட்டில் இருக்க மாட்டார். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற அனந்த் சார்தான் அம்மாவைக் கவனிப்பார். "கரண்ட் போனா எப்படித் தெரியும்? மெஷினை இன்வெர்ட்டர் தாங்காது, ஆனா ஃபேனெல்லாம் அதுல ஓடிண்டிருக்குமே" என்று ஜெயலக்ஷ்மி கேட்டார். "மெஷின் கத்தும்மா. உடனே சிலிண்டருக்குக் குழாயை மாத்திடலாம். பயப்படவேண்டாம்" என்றேன். காபி நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை விதியின் கையில் விட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் பொய் சொல்ல நான் இங்கே வரவில்லை. அவர்கள் வீடு இருக்கிற கோட்டைப் பகுதியில் வருகிற செவ்வாய்க்கிழமை ஒரு மணி முதல் நான்கு மணி வரை மின்தடை என்று செய்தி வந்திருந்தது. அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் சொல்லவில்லை. நான் மெஷினைப் பொருத்தியது சனிக்கிழமை. இரவெல்லாம் அம்மாவுக்குத் துணையாக விழித்திருந்துவிட்டு மதியம் சாப்பிட்டதும் பக்கத்து அறையில் கண்ணயர்வது அனந்த் சாரின் வழக்கம். காபி குடிக்கும்போது ஜெயலக்ஷ்மிதான் வருத்தப்பட்டுச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அனந்த் சார் போன் செய்தார். "அம்மா போயிட்டா. மெஷின் சத்தமே போடலை. நீங்க உடனே வாங்கோ" என்றார். போனேன். எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். மெஷினைச் சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எடுத்துவந்தேன். யாரும் தடுக்கவில்லை. அதே மின்தேக்கியை, அதே இடத்தில், அதே வகை ஈயம் கொண்டு திரும்பப் பற்றவைத்தேன்.

மூன்றாம் நாள் கொண்டுபோய்ச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால் மெஷினை ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கினேன். தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்தியது. எல்லோரும் அனந்த் சாரைப் பார்த்தார்கள்.

ஜெயலக்ஷ்மி என்னோடு வாசல்வரை வந்து, "இவ்வளவு சத்தத்துக்குமா எழுந்துக்கலை அவர்?" என்று கேட்டார்.

"எனக்கென்னம்மா தெரியும். சில பேர் மதியத்துலயும் கொஞ்சம் தண்ணி போடுவாங்க" என்றேன்.

ஒரு மாதத்தில் ஜெயலக்ஷ்மி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

யாரும் சந்தேகப்படாதபோது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று முதலில் சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிவிட்டீர்கள். இதையும் கேளுங்கள்.

போன வியாழக்கிழமை காலையில் அனந்த் சார் என் மாடிக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அந்தப் போர்டையெல்லாம் கெடுத்தது நான்தான். தெரிஞ்சுண்டே உங்க பேரைச் சொன்னேன்" என்றார். "இப்போ அம்மாவையும் நான்தான்... மெஷின் கத்தியிருக்கும். நான்தான் பொணம் மாதிரி தூங்கியிருக்கேன். நீங்க என்னை க்ஷமிக்கணும்."

எட்டு வருடமாக நான் கேட்க நினைத்த சொல்.

"க்ஷமிச்சாச்சு சார். அசந்து தூங்கினதுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். ஜன்னலில் நின்று பார்த்தேன். கடையில் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் நடந்தார். நடையில் பாரமே இல்லை. மனசிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டவனின் நடை.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை மேடம்.

தூங்கிவிட்டவனுக்கு மன்னிப்பு உண்டு. சொந்தக்காரர்கள் மன்னிப்பார்கள், பெண்டாட்டி என்றாவது திரும்பி வருவாள், கடவுளும் மன்னிப்பார். தான் சொன்ன ஒரு பொய்தான் எட்டு வருடம் கழித்து வீடு தேடி வந்து, காபி குடித்துவிட்டு, தன் அம்மாவைக் கொன்றது என்று தெரிந்தால், அவர் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பார்?

ஆமாம், சிவகாமியம்மாளைக் கொன்றது நான்தான். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இதில் ஒரு நகல் அனந்த் சாருக்குப் போகும்தானே?