தபசு மலருக்கு ஒரு சாவு

— கதையை எடுத்த எடுப்புலயே ‘சோத்துல உப்பு இல்ல’ன்னு ஆரம்பிச்சா எப்படி வே, குத்தாலம்? நம்ம பத்திரிகையில மாசாமாசம் ‘எழுதப் பழகுங்கள்’னு நான் விதி சொல்லுதேனே, வாசிக்கவே இல்லையா? முதல்ல பொழுது விடியணும், கேட்டீரா. கீழ்வானம் செவக்கணும், குயில் கூவணும். அப்புறந்தான் ஆளு வரணும்.

— விடிஞ்சதை யாரும் பாக்கலை, அண்ணாச்சி. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சண்டையில இருந்தாவ.

— பி.ஏ. படிச்சவன் பேசுத பேச்சா இது?

— காகிதம் கன்ட்ரோல்ல அளந்துதான் வருதுன்னு நீங்கதான் பொலம்புனிய. குயிலை விட்டா அரைப் பக்கம் மிச்சம்.

— நக்கலு! இருக்கட்டும். அச்சுல ஏறுத பொம்பளை இலக்கணமாப் பேசணும், கேட்டீரா. இவ என்னன்னா, ‘ஏன், ராசா வீட்டு நாக்கோ?’ன்னு கேக்கா.

— ராயகிரிக்காரி. ‘நாதா, உப்புக் குறைந்ததோ?’ன்னு கேட்டா நானே பயந்துபோவேன்.

— நீரு ஏன்வே பயப்படணும்? கதையில வாறவன் வேற ஆளுல்லா?

— வேற ஆளுதான்.

— அவ பேரு சண்முகசுந்தரின்னு போட்டிருக்கு.

— ஆமா.

— உம்ம வீட்டுக்காரி பேரும் அதுதானவே. பங்குனியில அவ தவறினப்போ சுடுகாடு வரைக்கும் கூட வந்தவன் நான். நெசப்பேரு போடக்கூடாது, அதுவும் விதி. செண்பகவல்லின்னு மாத்திருவோம்.

— மாத்தினா, கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கமாட்டா.

— ம்... சரி, பேரு கெடக்கட்டும். ‘அவள் சிரித்தாள்’னு மொட்டையா நிக்கு, பாரும். முத்துப்பல் மின்னச் சிரிச்சான்னு போட்டா என்னவாம்?

— முன்பல்லு ஒண்ணு லேசா உடைஞ்சிருக்கும்.

— அதையாவது போட்டீரா?

— அது ஊருக்கு இல்லை. எனக்கு.

— உம்மகிட்ட மாரடிக்க முடியாது வே. முடிவுக்கு வாரேன். சண்டை போடுதாவ. அவன் உப்பை அள்ளிப் போட்டுத் திங்கான். அவ சிரிக்கா. அம்புட்டுதான், கதை முடிஞ்சு போச்சு. ஆடித் தபசு மலருக்கு இது காணாதுவே. சுத்துப்பட்டு சனம் பூரா திருவிழாவுக்குச் சங்கரன்கோவில்லதான் நிக்கும். வாங்குதவன் கோயில் வாசல்லயே வாசிச்சிட்டு மூக்கைச் சிந்தணும். மலர்க் கதைன்னா ஒரு உசிரு போகணும், கேட்டீரா.

— போன மலர்ல நீங்க மூணு உசிரை எடுத்திய. அதுவும் லண்டன்ல. நீங்க மதுரையைத் தாண்டுனதே இல்லை. ‘தெரிந்ததை மட்டும் எழுது’ன்னு அடுத்த பக்கத்துலயே விதியும் போட்டிருந்திய.

— அது புதுசா எழுதுத பயலுவளுக்குச் சொன்னது. எனக்கெதுக்கு? உமக்குத்தான் தெரிஞ்ச துக்கம் கையில இருக்கே வே! அதை விட்டுட்டு உப்பு புளின்னு எழுதிக்கிட்டு... கடைசிப் பாராவுல ஒரு காய்ச்சல் வரட்டும். மேக்கொண்டு உமக்கு நான் சொல்லியா தரணும்?

— வேண்டாம்.

— அப்ப மலர்ல எடமில்ல.

— வேற மாசத்துல போடுங்க.

— மத்த மாசமெல்லாம் பதினாறு பக்கம். இம்புட்டு நீளத்துக்கு எங்க போவேன்? வேற எந்தப் பத்திரிகைக்காரன் இந்தப் பேச்சையெல்லாம் அச்சுல ஏத்துவான்? அவ சிரிச்சதை நாலு பேரு வாசிக்கணும்னுதானவே கொண்டாந்தீரு?

— ஆமா. செத்ததை எல்லாரும் பாத்துட்டாவ.

— நான் மாட்டேன்னா சொல்லுதேன்? சண்டையைத் தொடமாட்டேன். சிரிப்பைத் தொடமாட்டேன். பேரும் அப்படியே இருக்கட்டும். முடிவை மட்டும் மாத்தும்.

— கண்டிப்பா ஒரு உசிரு போகணுமா?

— போகணும். அதுல மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

— பேனாவைத் தாங்க.

— அப்படி வாரும் வழிக்கு! அவசரமில்ல, நல்லா உருக்கமா எழுதும்... என்ன வே, அதுக்குள்ள ஆச்சா? ரெண்டு வரிதானா?

— போதும்.

— எங்க, கொண்டாரும். ‘மூன்று நாள் காய்ச்சல். அவன் போய்விட்டான்.’ அடப்பாவி, புருசனைல்லா கொன்னுட்டீரு!

— யாரு போகணும்னு நீங்க சொல்லலை.

— சொல்லலைதான். அதுக்காக? சின்னஞ்சிறுசு வே. அந்த வீட்டுல ஒத்தையா எப்படிக் கெடப்பா?

— அவ தாங்கிருவா, அண்ணாச்சி. எனக்குத்தான் முடியலை.