எல்லாத் தலைச்சுற்றும் பித்தமல்ல

அவைத்தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியை மரியநாயகி அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோவில் குருக்கள் அவர்களே, கடலோடிக் களைத்த பெரியோர்களே, கால்நடை காத்துக் கறுத்த தாய்மாரே, நெடுந்தீவின் மக்களே, உங்கள் வைத்தியரின் வணக்கம்.

காலையிலிருந்து நோயாளர் பார்த்த களைப்பு என் குரலில் இருக்கிறது. இதே சொல்லை இடமிடமாய்ச் சொல்லிச் சொல்லி நாவும் சோர்ந்துவிட்டது. ஆயினும் சொல்கிறேன், சோர்வுக்குச் செவிசாய்த்தால் சாவுக்கு வழிவிட்டவளாவேன்.

மாடு வளர்க்கும் அல்போன்சம்மாவை அறியாதார் யார்? அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். பால் கறக்கையில் தலை சுற்றியது; நின்றது. மறுபடி சுற்றியது; மறுபடி நின்றது. "பித்தம்தான், தேசிக்காய்ச் சாறு குடிச்சால் சரி" என்றனர் அயலவர். ஒருநாள் காலை சுற்றியது, நிற்கவேயில்லை. மகள் ஜெனீற்றா தாங்கிப் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தாள்.

"எத்தினை விரல் தெரியுது அம்மா?"

ஒன்றைக் காட்டினேன், நாக்குழற இரண்டென்றார். மூக்கைத் தொடச் சொன்னேன். விரல் கன்னத்தில் பட்டது. நடக்கச் சொன்னேன்; சுவரைப் பிடித்தும் சரிந்தார். காதுக் கோளாறில் பிறக்கும் தலைச்சுற்றும் கொடியதுதான். ஆனால் அது நாவைக் குழறவைக்குமா? ஒன்றை இரண்டாய்க் காட்டுமா?

கணவர் மனுவேல் கடலைப் பார்த்தார். "காத்துக் கடுமையாக் கிடக்கு டொக்டர். பித்தத்துக்கோ இந்தக் கடலிலை வள்ளம் இறக்கிறது?"

"பித்தமில்லை அண்ணை. பின்மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் அடைபடுது. பிந்தினால் விழுங்கவும் ஏலாமல் போகும்."

"அப்ப ஏத்துங்கோ" என்றார்.

அலை அறைந்தது, வள்ளமோட்டிய மனுவேல் அண்ணை அசையவில்லை. உப்புநீர் கண்ணை எரித்தது, அவர் சுக்கானிலிருந்து கையெடுக்கவில்லை. குறிகாட்டுவான் இறங்குதுறையில் கரையேறி, யாழ்ப்பாணம் சேர்ந்து, கழுத்தின் குழாய்களைப் படமெடுத்தபோது, பின்பக்கக் குழாயொன்று சுருங்கி நூலாய்க் கிடந்தது.

என்ன அண்ணை, முன்வரிசையில்? உங்களுக்கும் சுற்றுகிறதா? கூட்டம் முடிய வாருங்கள், நடக்கச் சொல்லிப் பார்க்கிறேன்.

அல்போன்சம்மா பிழைத்தார். விழுங்குகிறார், பேசுகிறார், மாடுகளை அதட்டுகிறார். ஆனால் வலக்கை இன்னும் நடுங்குகிறது. பால் கறப்பது இப்போது மனுவேல் அண்ணை. முதற்சுற்றிலேயே வந்திருந்தால்? அந்தக் கேள்விதான் என்னைக் களைக்கவைக்கிறது.

ஆகவே தாய்மாரே, சாறு பிழியுமுன் பேசச் சொல்லுங்கள், நடக்கச் சொல்லுங்கள். குழறினால், சரிந்தால், இரண்டாய்த் தெரிந்தால், வள்ளத்தை இறக்குங்கள்! தானே நின்றுபோன சுற்றென்றாலும் வந்து காட்டுங்கள். நான் களைத்துத்தான் இருப்பேன். ஆனாலும் கதவைத் திறப்பேன்.

கடற்காற்றில் அமர்ந்து கேட்ட உங்கள் பொறுமைக்கு நன்றி. நலமாய் வீடு சேருங்கள். வணக்கம்.