சர்ச் நிற்கும் கரை

“சர்ச் தப்புக் கரையில இருக்கு. இதைத் திருப்பிக் குடுத்துடலாம்” என்றார் எதிர் சீட்டுக்காரர். நியூயார்க் ரயிலில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் மனைவியோடு ஏறியவர். மனைவியின் மடியில் ஃபிரேம் போட்ட பழைய பிரெஞ்சுப் படம்: கறுப்புக் கோடுகளில் ஆறு, பாலம், படகுகள், ஒரு சர்ச். அவர் கையில், பாரிஸில் அதே பாலத்தில் இருவரும் நின்று எடுத்துக்கொண்ட ஃபோட்டோ.

“ஃபோட்டோல சர்ச் லெஃப்ட்ல இருக்கு, இதுல ரைட்ல. டூப்ளிகேட்டை நம்ம தலையில கட்டிட்டான்.”

“நூறு வருஷத்துக்கு முந்தி போட்டதுங்க. அப்புறம் இடிச்சு அந்தப் பக்கம் கட்டியிருப்பாங்க.”

“அவ்ளோ பெரிய கட்டடத்தையா?”

“அப்ப நாம நின்னது வேற பாலம். அன்னிக்கும் நீங்க மேப்பைத் தலைகீழாத்தான் பிடிச்சிருந்தீங்க.”

“மேப்பை விடு. கடைக்காரன் என்ன சொன்னான்?”

“செப்புத் தகட்டுல கீறி, மை தடவி, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி பேப்பர்ல அழுத்தி எடுத்ததாம்.”

“எப்படி எடுத்தா என்ன, சர்ச் இடம் மாறுமா?”

“நாம ரெண்டு பேரும் சேர்ந்து போன ஒரே ஊருங்க அது” என்றாள். வெளிச்சத்துக்காகப் படத்தை நிமிர்த்தி ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

அதற்குள் ரயில் சுரங்கத்தில் நுழைந்துவிட்டது. கறுத்துப்போன ஜன்னல் கண்ணாடியில் படம் தெளிவாகத் தெரிந்தது. அதில் சர்ச் இடது பக்கம், ஃபோட்டோவில் இருந்த அதே கரையில் நின்றது.

இருவரும் குனிந்து, ரசீதில் கடையின் விலாசத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.