ஒரே கட்டத்தில் இரண்டு பேர்

ஒரே ஃபிலிம் கட்டத்தில் இரண்டு படம் எடுப்பது பெரிய வித்தை இல்லை, சார். என் பழைய கேமராவின் அடியில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கிக்கொண்டு லீவரை இழுத்தால் ஃபிலிம் நகராது. எடுத்த படத்தின் மேலேயே அடுத்ததும் விழும். பின்னால் கறுப்புத் துணி கட்டிவிட்டால் இரண்டு உருவமும் ஒன்றோடொன்று இடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இதுதான் வேலை. என் தங்கையை வைத்துத்தான் எடுப்பேன். ஒரே படத்தில் அவளே அவளுக்குத் தலை வாரிவிடுவாள். பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்பா, அம்மா போனபிறகு பதினாறு வருஷம் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளும் அப்படியே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வயதில் வந்து, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரைப் பிடித்திருக்கிறது, அடுத்த மாதம் பதிவுத் திருமணம் என்றாள். என்னைக் கேட்கவில்லை, தகவல் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் கத்துகிற ஆள் இல்லை. சந்தோஷம் என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

அந்த ஞாயிறு அவளைச் சோபாவின் ஓரத்தில் உட்காரவைத்து, தலையைச் சாய்த்து ஆசையாகச் சிரிக்கச் சொன்னேன். மறு ஓரத்திலும் தானே வரப்போகிறோம் என்று நினைத்து, வெறும் இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். எடுத்ததும், வெளிச்சம் போய்விட்டது, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றேன். மறுநாள் அவள் வேலைக்குப் போனபின், ஃபேன் மாட்ட வந்த எலக்ட்ரீஷியனை மறு ஓரத்தில் உட்காரவைத்தேன். வெளிச்சம் பார்ப்பதற்கு என்று சொன்னேன். சாயச் சொன்ன பக்கம் சாய்ந்தான், பாவம். ஜோடியாக ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டது மாதிரி வந்தது.

கடைக்காரருக்குத் தபாலில் அனுப்பினேன். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிற மனுஷனுக்கு இதைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. அப்படிப்பட்டவனுக்கா என் தங்கை? நாலே நாளில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி, படத்தையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தாள். கைப்பையைச் சோபாவில் எறிந்துவிட்டுப் படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“அண்ணா, இது நீ சிரிக்கச் சொன்ன சிரிப்பு. நான் யாரையும் பார்த்து இப்படிச் சிரிக்கல.”

நான் கைப்பையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

“நான் ரெண்டு பேரா இருக்கற படத்தையெல்லாம் எடுத்துட்டுப் போய் அவர்கிட்ட காட்டப் போறேன். இனிமே இந்த வீட்டுக்கு வர மாட்டேன்.”

படங்கள் நான் ஃபிலிம் கழுவுகிற இருட்டறையில் இருந்தன. எங்கள் வீட்டின் இரண்டாவது குளியலறைதான் அது. வெளிச்சம் புகாமலிருக்க ஜன்னலுக்குப் பலகை அடித்து, காற்றுப் போகிற ஓட்டையை அடைத்து, கதவு இடுக்கில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். அவள் உள்ளே போனாள். நான் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். பதறவில்லை. போக மாட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல், திறந்துவிடுகிறேன் என்று தன்மையாகத்தான் சொன்னேன்.

அவள் கதவை இடித்தாள். உள்ளே ஏதோ பாட்டில் உடைந்தது, மருந்து நெடி வெளியே வரைக்கும் வந்தது. மூச்சு முட்டுகிறது, பையில் இருக்கிற இன்ஹேலரைக் கொடு என்றாள். பள்ளிக்கூடம் போகப் பிடிக்காத நாட்களிலும் அவளுக்கு இப்படித்தான் இரைக்கும். நான் ஏமாறவில்லை. பதினொரு மணிக்குச் சத்தம் நின்றது. பேசாமல் இருந்தே என்னைப் பணியவைக்கப் பார்க்கிறாள் என்று புரிந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. நானும் விட்டுக்கொடுக்காமல், சனி ஞாயிறு முழுக்கக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை அவள் அலுவலகத்து ஆட்கள் ஸ்டேஷனிலிருந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து திறக்கும்வரை அவள் வாயைத் திறக்கவே இல்லை, சார். கூடப் பிறந்த அண்ணன் என்ற மரியாதைக்காவது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.