வாஷர் ஊறட்டும்

அதத் தொடாதீங்க தம்பி. பாக்கறதுக்குக் குப்ப மாதிரிதான் இருக்கும், ஆனா எந்தத் திருகாணி எங்க இருந்து வந்துச்சுன்னு அந்தத் தட்டுல கெடக்கற வரிசையிலதான் எனக்கு ஞாபகம். ஒண்ண நகத்தினீங்க, அப்புறம் உங்க அப்பாவோட ஏர் பிஸ்டல எடைக்குத்தான் போடணும். கைய மடியில வச்சுக்கிட்டு அந்த ஸ்டூல்லயே உட்காருங்க.

அவளா? உள்ளதான் படுத்திருக்கா. ஃபேன் சத்தம் கேட்குதுல்ல? தலவலின்னா. இப்ப எழுப்ப வேண்டாம், இத மாட்டி முடிச்சதும் நானே கூப்பிடறேன். ஆமா, உள்ள நொழஞ்சதும் பிஸ்டல் எங்கன்னுதான கேட்டீங்க? பொண்டாட்டி ஞாபகம் இப்பதான் வருதாக்கும்.

மொறைக்காதீங்க தம்பி. மனசுல பட்டத அப்படியே சொல்லிடுவேன், அது என் வாயி. கல்யாணத்துக்கு முன்னாடியே என் தங்கச்சிகிட்ட சொன்னேன், இந்தாளு சிரிக்கும்போது கண்ணு சிரிக்கலடின்னு. உனக்கு யாரத்தான் புடிச்சுதுக்கான்னு கேட்டா. அதுவும் வாஸ்தவந்தான், எனக்கு யாரையும் அவ்வளவு சுலபத்துல புடிக்காது. ஆனா உங்க விஷயத்துல நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே.

இன்னும் எவ்வளவு நேரமா? வாஷர் ஊறணும். அந்த மூடி போட்ட டப்பா இருக்கு பாருங்க, அதுல எண்ணெயில போட்டு வச்சிருக்கேன். ஸ்பிரிங்கும் அதுலதான். ஐயோ தெறக்காதீங்க, தூசி விழுந்துடும். புதுத் தோலு, வெறப்பா நிக்கும். நல்லா ஊறினாத்தான் குழாய்க்குள்ள காத்த விடாம ஓடும். இப்ப நான் தையல் மிஷின் ரிப்பேர் பாக்கறேன், அதுக்கு முன்னாடி பூரா பம்பு ஸ்டவ்வுதான் பாத்தேன். அதுலயும் இதே தோல் வாஷர்தான், அளவுதான் வேற. அதனால பிஸ்டல்னதும் நான் தயங்கல. இதுவும் ஒரு பம்புதான்.

இந்தாங்க, இது உங்க பழைய வாஷர். வாங்கிப் பாருங்க, கடிக்காது. போன்ல என்ன சொன்னீங்க? அப்பா போனதுல இருந்து பீரோவுல பூட்டியே கெடக்கு, யாரும் தொடல, இவதான் எனக்குத் தெரியாம தூக்கிட்டு வந்துட்டான்னு. சும்மா கெடந்த தோலு எப்படி இருக்கும் தெரியுமா? காஞ்சு சுருங்கி, விரல்ல நசுக்கினா பொடியா உதிரும். இது அப்படியா இருக்கு? அடி வாங்கி அடி வாங்கித் தட்டையாப் போயி, ஓரமெல்லாம் கிழிஞ்சு தொங்குது. கிழிஞ்ச எடம் இன்னும் அழுக்குக்கூட ஏறல. பூட்டின பீரோவுக்குள்ள இத யாரு அடிச்சா?

இல்லல்ல, வயசானா எல்லாம் கிழியுங்கற கதையெல்லாம் வேண்டாம். நான் சொல்றேன் கேளுங்க. துப்பாக்கிக் குதிரைய அழுத்தினா ஸ்பிரிங்கு பிஸ்டன முன்னால தள்ளும். குழாயில குண்டு இருந்தா, அதத் தள்ளறதுக்குக் காத்து கொஞ்சம் மல்லுக்கட்டும். அந்தக் காத்துதான் பிஸ்டனுக்கு மெத்த. குண்டு இல்லேன்னா காத்து பாட்டுக்கு ஓடிப்போயிடும், பிஸ்டன் நேராப் போயி முட்டும். டக்குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன.

என்னது? குண்டே போடலையா?

அட, இது நல்லா இருக்கே. இவ்வளவு நேரம் தொடவே இல்லேன்னீங்க. இப்ப குண்டு போடலேங்கறீங்க. சரி, குண்டு போடாம எதுக்குக் குதிரைய அழுத்தினீங்க? வெளையாட்டுக்கா. யாரு யாரு வெளையாண்டீங்க? ரெண்டு பேருமா? அவ சிரிச்சாளா? சொல்லுங்க தம்பி, ஒரு தடவையாவது அவ சிரிச்சாளா?

அவ என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல, அது தெரியுமா உங்களுக்கு? பையோட வந்து நின்னா, இந்தப் பிஸ்டல பெஞ்சு மேல வச்சா, இதப் பிரிச்சுப் போட்டுடுக்கான்னா, படுக்கப் போயிட்டா. சண்ட போட்டுட்டு வந்திருப்பா, ரெண்டு நாள்ல திரும்பிப் போயிடுவான்னுதான் நானும் நெனச்சேன். மறுநாள் இங்கதான் உட்கார்ந்து பட்டன் தச்சுக்கிட்டு இருந்தா. நான் ஒரு மிஷின்ல துணிய அமுக்கற கால டக்குன்னு எறக்கினேன். அவ்வளவுதான். ஊசிய அப்படியே போட்டுட்டு, ரெண்டு கையாலயும் மூஞ்சிய மறச்சுக்கிட்டுத் தரையில உட்கார்ந்துட்டா. காத இல்ல தம்பி, மூஞ்சிய. சத்தத்துக்குப் பயந்தவ காதத்தான பொத்துவா.

என்னன்னு நான் கேட்கல. கேட்டிருந்தா ஒண்ணுமில்லக்கான்னுதான் சொல்லியிருப்பா. அவ தூங்கினப்புறம் உட்கார்ந்து இதப் பிரிச்சேன். வாஷர் வெளிய வந்ததும் வெளக்குகிட்ட கொண்டுபோயித் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எத்தன தடவ அழுத்தினா ஒரு தோலு இந்தக் கதிக்கு வரும்னு எனக்குத் தெரியும். அத்தன தடவையும் உள்ள குண்டு இருக்கா இல்லையான்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அதுதான உங்க வெளையாட்டு?

எந்திரிக்காதீங்க. பாதியில போனா இத அப்படியே பொட்டலம் கட்டித்தான் குடுப்பேன், உங்களால மாட்ட முடியாது. உட்காருங்க. உங்க அப்பா ஞாபகார்த்தம்னு சொன்னீங்கல்ல? வாஷர் ஊறட்டும்.

இருங்க, போனு. நின்னுடுச்சு. ஒரே ரிங்குதான், யாரோ தப்பா அடிச்சிருப்பாங்க.

சரி, ஊறினது போதும். அந்த டப்பாவ இப்படித் தள்ளுங்க. வாஷரு இங்க, அது மேல இந்தத் திருகாணி. பிஸ்டன உள்ள விட்டாச்சு. இது மூடி, இது பின்னு. கைப்பிடிக்கு ரெண்டு திருகாணி. இந்தாங்க, முடிஞ்சுது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? இத மாட்ட எப்பவுமே இவ்வளவு நேரந்தான். வாஷரு நேத்தே ஊறிப்போச்சு.

ஸ்பிரிங்கா? டப்பாவுல இருக்கும்னு நான் சொன்னேன், நீங்களும் நம்பிட்டீங்க. அத அவ எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இனிமே அந்தச் சத்தம் வரவே கூடாதுன்னா.

உள்ள படுத்திருக்கறவ எங்க போனாங்கறியா? காலையில போன் பண்ணி வர்றேன்னு சொன்ன பாரு, கட்டினதுல இருந்து நீ அவளுக்குச் செஞ்ச நல்லது அது ஒண்ணுதான். நீ முன்வாசல்ல செருப்பக் கழட்டிக்கிட்டு இருந்தப்ப, அவ பின்வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு இருந்தா. அவ இல்லேன்னு தெரிஞ்சா நீ நேரா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியிருப்ப. பிஸ்டல் பிரிஞ்சு கெடந்தா அந்தாளு எடத்த விட்டு நகர மாட்டான்க்கா, நீ பேசிக்கிட்டே இருன்னு சொன்னா. உன்ன நல்லாத்தான் தெரிஞ்சு வச்சிருக்கா. பஸ் கெளம்பினதும் ஒரு ரிங் விடுடின்னேன், விட்டுட்டா.

எந்த ஊருக்குன்னு எனக்குத் தெரியாது. சொல்லத்தான் வந்தா, நான்தான் அவ வாயப் பொத்தினேன். இப்படி ஓயாமப் பேசறவகிட்ட யாராவது ஊர் பேரச் சொல்லி வைப்பாங்களா?

கத்தாத. எதிர்த்தாப்புல டீக்கடைக்காரரு நீ வந்ததுல இருந்து இங்கயேதான் பாத்துக்கிட்டு இருக்காரு, நான்தான் பாக்கச் சொன்னேன். நம்பலேன்னா போயி கதவத் தெறந்து பாத்துக்க. பாத்துட்டு வரும்போது அந்த ஃபேன அணைச்சுட்டு வா. நீ வந்ததுல இருந்து ஆளில்லாம சுத்திக்கிட்டு இருக்கு.